பதினேழிலும் நாற்பதிலும் பாடிய பாட்டு

காதல் முறிந்து வந்து நிற்கும் பிள்ளைகளிடம் பெரியவர்கள் சட்டென்று சொல்லிவிடும் சொல், "மறந்துடு". எழுபதைக் கடந்த நான் அதைச் சொல்வதில்லை. ஆங்கிலப் பாடகி மரியான் ஃபெய்த்ஃபுல்லின் 'ஸ்ட்ரேஞ்ச் வெதர்' ஆல்பத்தைக் கேள் என்கிறேன்.

1964-இல் லண்டனில் அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 'ஆஸ் டியர்ஸ் கோ பை' என்ற பாட்டு. மாலைப் பொழுதில் உட்கார்ந்து குழந்தைகளின் விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரின் ஏக்கம். பாடியவருக்கு வயது 17. குரல் அத்தனை தெளிவு. பாட்டிலிருந்த துயரம் மட்டும் அவருக்கு இன்னும் நேரவில்லை.

பிறகு நேர்ந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகருடனான காதல் 1970-இல் முடிந்தது. மகனை வளர்க்கும் உரிமை போயிற்று. ஹெராயினுக்கு அடிமையாகி லண்டனின் சோஹோ தெருக்களில் கிடந்தார். குரல் உடைந்து கரகரத்தது. 1985-இல் அமெரிக்காவில் சிகிச்சை பெற்று மீண்டபின், 1987-இல் ஹால் வில்னர் தயாரிப்பில் இந்த ஆல்பம் வந்தது.

இதில் அவர் எழுதிய பாட்டு ஒன்றுகூட இல்லை. என்னை மிகவும் பாதித்தது அதுதான். சொல்லித் தீராத சொந்தக் கதை இருந்தும், 1930-களின் பழைய காதல் சோகப் பாடல்களையும் ப்ளூஸ் பாடகர் லெட் பெல்லியையும் பாப் டிலனையும் எடுத்துப் பாடினார். தலைப்புப் பாட்டு டாம் வெயிட்ஸும் கேத்லீன் பிரென்னனும் எழுதியது. காயம் பச்சையாக இருக்கையில் நம் சொற்கள் நமக்கே உதவுவதில்லை. முன்னால் அடிபட்டவர் பாடிவைத்ததை அப்போது துணைக்கு எடுத்துக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

லெட் பெல்லியின் பாட்டுக்குப் பக்கவாத்தியமே கிடையாது. அந்த உடைந்த குரல் மட்டும். எதையும் மூடி மறைக்கவில்லை. அதே சமயம் நம் இரக்கத்தையும் அது கேட்கவில்லை. இப்படிப் பாடுவது பெர்லின் காபரே மேடைகளின் மரபு. மரியானின் தாயும் இளமையில் பெர்லினில் நடனமாடியவர். நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்டும் இசையமைப்பாளர் கர்ட் வைலும் 1928-இல் 'திரிபென்னி ஓப்பரா'வில் பழக்கிய முறையும் இதுதான்: பாடுகிறவள் தேம்புவதில்லை, கேட்பவரின் கண்ணைப் பார்த்து நடந்ததைச் சொல்கிறாள். துயரத்தில் இருக்கும் பிள்ளைகள் இந்த நிமிர்வைக் கவனிக்க வேண்டும் என்பது என் ஆசை.

'ஆஸ் டியர்ஸ் கோ பை' இந்த ஆல்பத்திலும் இருக்கிறது. சொற்கள் அவையே. வேகம் குறைந்திருக்கிறது, சுருதி இறங்கியிருக்கிறது. அந்தப் பாட்டைப் பாட நாற்பதுதான் சரியான வயது என்று அவரே சொன்னார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அது எவ்வளவு உண்மை என்று புரியும்.

இந்தக் குரலோடுதான் அவர் பின்னர் வைலின் பாடல்களுக்கே வந்தார். பாரிஸ் மேடையில் அவற்றைப் பாடினார். 1998-இல் 'செவன் டெட்லி சின்ஸ்' ஆல்பத்தைத் தந்தார். பழைய குரல் திரும்பட்டும் என்று அவர் காத்திருந்தால் இவற்றில் எதுவும் நம் காதுக்கு வந்திருக்காது.