மூன்று கடைகள், ஆறு பலகைத் துண்டுகள்

2024 பிப்ரவரி 22, வியாழக்கிழமை. பெங்களூரு மெட்ரோவின் பச்சைத் தடம் அன்று நாகசந்திராவோடு முடிந்துவிட்டது; மாதாவரா நிலையம் திறக்கப்பட்டது அவ்வாண்டு நவம்பரில்தான். ஆகவே தும்கூர் சாலையின் பன்னாட்டுப் பொருட்காட்சி மையத்துக்குச் செல்வோர் நாகசந்திராவில் இறங்கி ஆட்டோவுக்கு நின்றனர். அவர்களுள் லிங்கராஜபுரத்தில் சிறு பட்டறை வைத்திருக்கும் 55 வயதுத் தச்சர் ஒருவரும், அவருடன் வளர்ந்து அவருடனே தொழில் செய்யும் அக்காள் மகனும் இருந்தனர். இளைஞனின் முதுகுப்பை காலியாக இருந்தது. விலைப்பட்டியல்களையும் விளம்பர ஏடுகளையும் கொண்டுவருவதற்காக. தச்சரின் துணிப்பை போகும்போதே கனத்தது. அதனுள் ஆறு பலகைத் துண்டுகள், ஓர் அளவுநாடா, ஒரு காந்தம், பட்டறையின் வரைபடம் கீறிய அட்டை ஒன்று.

இரட்டைப்படை ஆண்டுகளில் பெங்களூருவில் ‘இந்தியாவுட்’, ஒற்றைப்படை ஆண்டுகளில் தில்லியை ஒட்டிய கிரேட்டர் நொய்டாவில் ‘டெல்லிவுட்’ என்று மரவேலைத் துறையின் இரு பெருங்கண்காட்சிகள் மாறிமாறி நடக்கின்றன. முதன்முறை செல்பவருக்கு அது திருவிழாத் திகைப்பையே தரும். ஓர் அரங்கில் ஜெர்மானிய, இத்தாலிய இயந்திரங்கள். அடுத்ததில் சீன இயந்திரங்கள். அதற்கப்பால் கீல்கள், இழுப்பறைத் தண்டவாளங்கள், பசைகள், லேமினேட்டுகள். எல்லாக் கடைகளிலும் இயந்திரம் ஓடுகிறது, எல்லாப் பலகைகளும் குறையின்றி வெளிவருகின்றன. மாலைக்குள் கால் ஓய்ந்து, கை நிறையக் காகிதத்தோடு, கண்டது எதுவென்று சொல்லத் தெரியாமல் திரும்புவோரே மிகுதி.

தச்சர் ஒருமுறை அப்படித் திரும்பியவர். பெருந்தொற்றால் தள்ளிப்போய் 2022 ஜூனில் நடந்த கண்காட்சியின் கடைசி நாளில், பலகையின் ஓரத்தில் பட்டை ஒட்டும் எட்ஜ் பேண்டர் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்தார். விலை அன்று மாலையோடு முடிகிறது என்றார் விற்பனையாளர். “மாமா, இந்த விலைக்கு இனிமே கிடைக்காது” என்று வற்புறுத்தியவன் இளைஞன். இயந்திரம் வந்த நான்காம் மாதம் பசைத்தொட்டியின் சூடேற்றி நின்றது. பழுதுபார்ப்பவர் வட மாநிலமொன்றிலிருந்து வந்துசேர 19 நாள் ஆயிற்று. அதற்குள் 12 வீடுகளின் சமையலறைக் கதவு வேலை கைமாறிப் போனது. இரண்டு பணியாளருள் ஒருவர் விலகிக்கொண்டார். இயந்திரம் பாதி விலைக்கு விற்கப்பட்டது, கடன் மட்டும் முழு அளவில் நின்றது. அதன்பின் பலகைகள் டெம்போவில் ஏறிக் காமாட்சிபாளையத்தில் வேறொருவர் இயந்திரத்தில் பட்டை ஒட்டிக்கொண்டு திரும்பின. மாமனுக்கும் மருமகனுக்கும் இடையே அந்த 19 நாள் பற்றிய பேச்சு எழவே இல்லை. அக்குற்றம் இயந்திரத்தின்மேல் சுமத்தப்பட்டது. இருவருக்கும் அது வசதியாயிருந்தது.

இம்முறை முதல்நாள் முழுதும் தச்சர் எவரிடமும் விலை கேட்கவில்லை. அட்டையை எடுத்துப் பார்ப்பார். இயந்திரத்தின் பக்கத்தில் அளவுநாடாவை நீட்டுவார். கடைப்பணியாளர் சிலர் புன்னகைத்தனர். அவர் கணக்கு எளியது. பட்டறையின் நீளம் 32 அடி. ஓரத்தை முதலில் சீவிவிட்டுப் பின்பு ஒட்டும் ப்ரீ-மில்லிங் வகை இயந்திரம் ஏறத்தாழ 15 அடி. எட்டடிப் பலகை உள்ளே நுழைய எட்டடியும், வெளியே வர எட்டடியும் வேண்டும். ஆக 31 அடி. மிச்சமுள்ள ஓர் அடியில் மனிதன் நிற்க வேண்டும். காற்றழுத்தியும் தூசு உறிஞ்சியும் சுவருக்கு வெளியே போயாக வேண்டும். விளம்பர ஏட்டில் இயந்திரத்தின் நீளம் அச்சாகியிருந்தது. அதனைச் சுற்றிலும் விடவேண்டிய வெற்றிடம் அச்சாகவில்லை. (தூசு உறிஞ்சிகளின் கடைகளில் கூட்டம் மெலிந்திருந்ததையும் இங்கே சொல்லவேண்டும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை தன் 1995-ஆம் ஆண்டுத் தொகுதியிலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதற்பிரிவில் வைத்துவிட்டது. தச்சருக்கு அச்செய்தி தெரியாது; தம் இருமல் தெரியும். அந்தக் கடையில் மட்டும் அமர்ந்து நெடுநேரம் பேசினார்.)

வெள்ளிக்கிழமை காலை வாயில் திறந்தவுடன், கூட்டம் சேருமுன், துணிப்பை அவிழ்ந்தது. கண்காட்சிகளில் ஓடுவது பெரும்பாலும் கடைக்காரரே தேர்ந்த பலகை: தொழிற்சாலையில் தாள் ஒட்டிய, எங்கும் ஒரே கனமுள்ள பலகை. தச்சர் கொண்டுவந்தது பட்டறையில் கையால் லேமினேட் ஒட்டிய பிளைவுட். 18 மி.மீ. என்று விற்கப்பட்டது, ஒரு முனையில் 17.4, மறுமுனையில் 18.1. இதனை ஓட்டிக்காட்ட முடியுமா என்று கேட்டார். இரண்டு கடைகள் மறுத்தன. மறுப்பில் நியாயமும் இருந்தது. உள்ளே ஓர் ஆணி இருந்தால் கத்தி போய்விடும். மூன்றாம் கடையில் அவர் காந்தத்தை எடுத்து நான்கு ஓரங்களிலும் தேய்த்துக் காட்டினார். அங்கிருந்த தொழில்நுட்பர் சிரித்துவிட்டு இயந்திரத்தை இயக்கினார். அதன்பின் வேறு இரண்டு கடைகளிலும் காந்தமே பேசியது.

இவ்விடத்தில் மொழியைப் பற்றி ஒரு சொல். கடைகளின் மொழி ஆங்கிலம். அடுத்து இந்தி, பிறகு கன்னடம். மொழிபெயர்ப்பு இளைஞனின் பொறுப்பு. அவன் தானாகக் கேட்ட கேள்விகள் அனைத்தும் பெயர்ச்சொற்களாக இருந்தன: வேகம், மோட்டார், திரை, உத்தரவாதம். அவை விளம்பர ஏட்டிலிருந்து வந்தவை. ஏடு அவற்றுக்கு விடையும் சொல்லிவிடும். தச்சரின் கேள்விகள் வினைச்சொற்களாக வந்தன. “மின்சாரம் போயிட்டு வந்தா பசை என்ன ஆகும்? பலகை நடுவுல நின்னா யார் எடுப்பாங்க? ஓரம் சிலாம்பு அடிச்சா எதைத் திருப்பணும்?” இளைஞன் ‘சிலாம்பு’ என்பதைச் ‘சிப்பிங்’ என்று ஆக்கினான், விற்பனையாளர் உடனே, “எங்கள் இயந்திரத்தில் சிப்பிங் இல்லை” என்றார். தச்சர் கேட்டது இருக்கிறதா இல்லையா என்பதன்று. சிலாம்பு பெயரும், அது மரத்தின் இயல்பு. பெயரும்போது மனிதன் செய்யவேண்டியது என்ன என்பதே கேள்வி. அதைப் பெயர்ப்பதற்கு மூன்று முயற்சி தேவைப்பட்டது. மூன்றாவதில் விற்பனையாளர் ஒதுங்கிக்கொள்ள, பின்னால் நின்ற தொழில்நுட்பர் முன்னால் வந்தார். அதற்குப் பிறகுதான் உரையாடல் தொடங்கியது எனலாம்.

அத்தொழில்நுட்பரிடம் தச்சர் கேட்டது ஒன்றே: இந்த இயந்திரம் மூன்றாண்டாக ஓடும் பட்டறை பெங்களூருவில் எது? முகவரி பீன்யாவில் கிடைத்தது. அன்று பிற்பகல், நுழைவுச்சீட்டு கையிலிருக்க, இருவரும் கண்காட்சியை விட்டு வெளியேறினர். இளைஞனுக்கு அது வீண் என்று தோன்றியது. இன்னும் இரண்டு அரங்குகள் பார்க்கப்படாமல் கிடந்தன.

பீன்யாப் பட்டறையில் இயந்திரத்தை இயக்கியவர் ஒடிசாவைச் சேர்ந்த இளைஞர். தச்சரின் உடைந்த இந்தியும் அவருடைய கன்னடமும் போதுமானதாயின. அவர் மூடியைத் திறந்து பசைத்தொட்டியைக் காட்டினார். இவிஏ வகைப் பசை ஏறத்தாழ 190 டிகிரியில் உருகி நிற்கிறது. வேலையில்லாத நேரத்திலும் அச்சூட்டிலேயே விட்டால் பசை கருகுகிறது, கருகியது தொட்டிச்சுவரில் அப்புகிறது. அப்போது வெப்ப உணரிக்கு உண்மைச் சூடு எட்டாது. சூடேற்றி மேலும் மேலும் எரிந்து ஒருநாள் ஓய்கிறது. ஆகவே சாப்பிடப் போகும்போது சூட்டைத் தணிக்க வேண்டும். அவர் ஒரு பொத்தானைத் தொட்டுக் காட்டினார். “சாப்பாட்டுக்குப் போறப்போ இதை அமுக்கணும். தினமும்.”

இளைஞன் பேசவில்லை. 2022-இல் இயந்திரத்தின் பொறுப்பு அவனுடையது. மதிய உணவுக்குச் செல்லும்போது சூட்டை இறக்கினால் மீண்டும் ஏற நேரமாகிறது என்று அப்படியே விட்டுச் சென்றவன் அவன். நான்கு மாதமும், ஒவ்வொரு நாளும். அதே போன்றதொரு பொத்தான் அந்த இயந்திரத்திலும் இருந்தது. தச்சர் அவன் முகத்தைப் பார்த்தார், பிறகு தொட்டியைப் பார்த்தார். அதைச் சுரண்டும் கரண்டி எங்கே கிடைக்கும் என்று மட்டும் அந்த ஒடிசாக்காரரிடம் கேட்டார்.

திரும்பும்போது பேருந்தில் யஷ்வந்த்பூர் கடக்கும்வரை மௌனம். பின்பு இளைஞனே, “மாமா, அது நான் செஞ்சது” என்றான்.

“தெரியும்டா. நானும் பக்கத்துலதான சாப்பிட்டேன்.” சற்றுப் பொறுத்து, “நமக்கு யாரும் சொல்லித் தரல. நாமளும் கேக்கல. விலையைத்தான் கேட்டோம்” என்றார் தச்சர்.

ஞாயிறு காலை, லிங்கராஜபுரத்து வீட்டில், மூன்று கடைகளிலும் ஓடிய ஆறு துண்டுகளும் சமையலறை மேடைமேல் வரிசையாக வைக்கப்பட்டன. எது எந்தக் கடையில் ஓடியது என்று தச்சர் பென்சிலால் குறித்திருந்தார். இரண்டு கடைகள் இவிஏ பசையால் ஒட்டியிருந்தன. மூன்றாமது பியூஆர் வகை. ஒட்டியபின் காற்றின் ஈரத்தை உண்டு இறுகுவது, விலை கூடியது, தொட்டியைத் துப்புரவாக வைக்காவிட்டால் உள்ளேயே கல்லாகிவிடுவது. சமையலறைக் கதவுகளின் ஓரம் முதலில் பெயர்வது அடுப்புக்கு அருகில், ஆவி படும் இடத்தில். ஆகவே தச்சர் இட்லிப் பானையைக் கேட்டார்.

“இட்லி வேகணுமா, பலகை வேகணுமா?” என்றார் அத்தை.

“ரெண்டும். முதல்ல பலகை.”

அரைமணி நேரம் ஆவியில் நின்ற துண்டுகளை இறக்கித் தச்சர் கட்டைவிரல் நகத்தை ஓரத்தில் ஓட்டினார். முதல் கடையின் துண்டொன்றில் பட்டையின் முனை எழும்பி நகத்தில் மாட்டியது. இரண்டாம் கடையினது தாங்கியது, ஆனால் அழுத்தினால் நகர்ந்தது. மூன்றாவது அசையவில்லை. பிளைவுட் சற்று உப்பியிருந்தது, பட்டை உப்பவில்லை. பியூஆர் தொட்டியைத் தினமும் துடைக்க வேண்டுமே என்றார் அத்தை, இதையெல்லாம் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தவர். தச்சர் விடை சொல்லாமல் இளைஞனைப் பார்த்தார்.

கைப்பேசி ஒலித்தது. முதல் கடையின் விற்பனையாளர்; விலை நாளை மாலையோடு முடிகிறது என்றார். இளைஞன் அவருக்கு நன்றி சொல்லி வைத்துவிட்டு, மூன்றாம் கடையின் எண்ணைத் தேடினான். விற்பனையாளருடையதை அன்று, தொழில்நுட்பருடையதை. எண் கிடைத்ததும் முற்றத்துக்குப் போக எழுந்தவன், வாசல்வரை சென்று திரும்பி வந்து, காலிப் பானையின் கீழ் எரிந்துகொண்டிருந்த அடுப்பைத் தணித்துவிட்டுப் போனான்.