ஜோவின் தொப்பி

லண்டனில் பிப் தங்கியிருக்கும் அறைக்கு ஊரிலிருந்து ஜோ வருகிறார். வாசல் மிதியடியில் பூட்ஸைத் துடைக்கிறார், துடைத்துக்கொண்டே இருக்கிறார். உள்ளே வந்தால் தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கணப்படுப்புக்கு மேலுள்ள பலகையின் ஓரத்தில் வைக்கிறார். விழுகிறது. எடுத்து வைக்கிறார். மறுபடி விழுகிறது. நடுநடுவே, தான் வளர்த்த பையனையே 'சார்' என்கிறார்.

சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில் வருகிற காட்சி இது. முதல் தடவை படிக்கும்போது சிரிப்பு வரும். இரண்டாம் தடவை வராது.

ஜோ கிராமத்துக் கொல்லர். பிப்பின் அக்கா கணவர். தாய் தகப்பன் இல்லாத பையனுக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே ஆறுதல். சதுப்பு நிலத்தை ஒட்டிய பட்டறையில் சம்மட்டியோடு நின்றால் அவர் ராஜா. அதே மனிதருக்கு லண்டன் அறையில் ஒரு தொப்பி வைக்க இடமில்லை. ஏழை, பணக்காரன் என்று டிக்கன்ஸ் பாடம் நடத்தவில்லை. தொப்பியே போதுமாக இருந்தது.

ஜோவைப் பார்த்து பிப் கூசுகிறான். அந்தக் கூச்சம் சிறு வயதில் மிஸ் ஹாவிஷம் மாளிகையில் ஒட்டிக்கொண்டது. கல்யாணம் நின்றுபோன நாளில், எட்டு நாற்பதுக்கு எல்லாக் கடிகாரங்களையும் நிறுத்திவிட்ட வீடு அது. வெயில் நுழையாது. மேசைமேல் கல்யாண கேக் சிலந்திகளோடு கிடக்கும். அங்கே வளரும் எஸ்டெல்லா, பிப்பின் முரட்டுக் கைகளையும் தடித்த பூட்ஸையும் பார்த்து இளக்காரம் செய்கிறாள். அதுவரை அவன் தன் கைகளைக் கவனித்ததே இல்லை. வீட்டுக்குத் திரும்புகிறான். வீடு அப்படியேதான் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு மட்டும் அக்கா திறக்கும் முன்னறை, ஒரு காலத்தில் அவன் கண்ணுக்கு அரண்மனை. இப்போது எல்லாமே மட்டமாகத் தெரிகிறது.

இத்தனைக்கும் அந்த மாளிகைப் பணம் பீர் காய்ச்சிச் சம்பாதித்தது. மூடிக்கிடக்கும் ஆலை முற்றத்திலேயே நிற்கிறது. அதற்காக அங்கே யாரும் வெட்கப்படவில்லை. வெட்கமெல்லாம் கொல்லன் வீட்டுக்குத்தான்!

வெட்கப்படாத ஒருவரும் கதையில் உண்டு. வக்கீல் குமாஸ்தா வெம்மிக். ஆபீஸில் மரக்கட்டை முகம். சாயங்காலம் வால்வொர்த்தில் உள்ள தன் குட்டி மர வீட்டுக்குப் போனால் ஆளே வேறு. வீட்டைச் சுற்றி அகழி, தூக்கி வைக்க ஒரு பலகைப் பாலம், தினமும் இரவு ஒன்பது மணிக்குப் பீரங்கி வெடி. காது மந்தமான அப்பாவுக்கு அந்தச் சத்தம் கேட்டால் ஒரே குஷி.

தான் நடத்திய வார இதழிலேயே டிக்கன்ஸ் இதை 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை தொடர்கதையாக எழுதினார். அவருக்கும் ஒரு ரகசியம் இருந்தது. 1824-இல் அப்பா கடனுக்காகச் சிறையில் இருந்தபோது, 12 வயது டிக்கன்ஸ் தேம்ஸ் கரையில் ஷூ பாலிஷ் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். 1870-இல் அவர் இறந்த பிறகு, நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் ஊருக்கு அது தெரிந்தது. அந்தத் தொப்பி விழும் சத்தம் அவருக்கு எப்படிக் கேட்டது என்பது இதிலிருந்து புரியும்.

ஜோ வந்துபோன பிறகு பிப் ஊருக்குப் போகிறான். ஜோ வீட்டில் தங்கத்தான் வேண்டும். சாக்குகளை அடுக்கிக்கொண்டு விடுதியில் அறை எடுக்கிறான்.

பின்னாளில் அவன் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்பவர் ஜோதான். நோயாளியின் அறையில் அவருக்குத் தடுமாற்றமே இல்லை. பிப் எழுந்து நடமாடத் தொடங்கியதும் அந்த 'சார்' திரும்பிவிடுகிறது. ஒரு நாள் காலையில் பார்த்தால் ஜோ இல்லை. ஒரு சின்னக் கடிதம் இருக்கிறது. அதோடு, பிப்பைக் கைது வரைக்கும் கொண்டுபோன 123 பவுண்டு சொச்சம் கடனை அடைத்த ரசீது.