ஆயாவின் கோழிகளும் ராணிப்பேட்டை மருந்தும்

வேலூரிலிருந்து அணைக்கட்டு தாண்டி ஜவ்வாது மலை அடிவாரம் பக்கம் வந்தால் எங்கள் ஒடுகத்தூர். உத்திரகாவேரி ஆற்றங்கரை ஊர். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் என்றதும் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைதான் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது ஆயாவின் கோழிகள்.

பேரூராட்சி என்பதால் எங்கள் தெரு முழுக் கிராமமும் இல்லை, டவுனும் இல்லை. சிமெண்ட் ரோடு, இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள், பின்னால் ஒரு துண்டு இடம். அந்தத் துண்டு இடத்தில்தான் துவைக்கிற கல், முருங்கை மரம், கோழிக் கூண்டு எல்லாம். அம்மா விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ் ஏறி ஆம்பூருக்கு வேலைக்குப் போய்விடுவார். வீட்டில் ஆயாவும் கோழிகளும்தான். போன வருஷம் சேவலோடு சேர்த்து மொத்தம் 14. எல்லாம் சிறுவிடை.

நாட்டுக்கோழி கணக்கு எளிமையானது. ஒரு கோழி ஒரு ஈட்டுக்கு 12, 15 முட்டை வைக்கும். அப்புறம் அடைக்கு உட்காரும். 21 நாளில் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கொஞ்ச நாள் சுற்றிவிட்டு, மறுபடி முட்டைக்கு வரும். வருஷத்துக்கு 60 முட்டை வந்தால் பெரிது. நாமக்கல் பண்ணைக் கோழி 300க்கு மேல் இடும். ஆனால் அதற்குத் தீவனம் வாங்க வேண்டும். ஆயாவின் கோழிக்குச் சோற்றுப் பருக்கை, நொய், கரையான், தெருக் குப்பை போதும். செலவில்லாத வரவு என்பதால் அந்த முட்டைக் காசை யாரும் கணக்குக் கேட்க முடியாது. ஆயாவின் வெற்றிலை பாக்கு, என்னுடைய செல்போன் ரீசார்ஜ் எல்லாம் அதிலிருந்துதான் :-)

பக்கத்து வீட்டு அக்காவுக்கு மட்டும் எங்கள் கோழிகளைக் கண்டாலே ஆகாது. காயப் போட்ட வடாத்தைக் கொத்திவிட்டது, கீரைப் பாத்தியைக் கிளறிவிட்டது என்று வாரம் ஒரு சண்டை. "உங்க கோழிய கூண்டுல போட மாட்டீங்களா?" என்று அவர் கேட்டால், "கோழிக்கு இன்னா தெரியும், உன் வூடு என் வூடுன்னு?" என்பார் ஆயா. இத்தனைக்கும் அந்த அக்கா வீட்டிலும் ஏழெட்டுக் கோழிகள் உண்டு. அவை செய்கிற அட்டகாசம் மட்டும் அவர் கண்ணில் படவே படாது!

இதற்கு நடுவில்தான் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். எங்கள் சேவலுக்கு வயதாகிவிட்டது, நல்ல சேவலாக ஒன்று வாங்கலாம் என்று வெளியூரில் ஒருவரிடம் 700 ரூபாய் கொடுத்து ஒரு செவலைச் சேவலைக் கொண்டுவந்தேன். அன்றைக்கே மற்ற கோழிகளோடு சேர்த்தும் விட்டேன். நாலாம் நாள் அது இறக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓரமாக நின்றது.

ஆயா ஒரு பார்வைதான் பார்த்தார். "கோழி தூங்குது" என்றார்.

எங்கள் பக்கம் இந்த இரண்டு வார்த்தைக்கு அர்த்தம் வேறு. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், வாயைத் திறந்து திறந்து மூச்சு, சிலதுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி என்று ஆயா அரைத்து அரைத்துக் கொடுத்தார். சேவல் மறுநாளே செத்தது. அடுத்த பத்து நாளில் பதினோரு கோழிகள் போயின. முதலில் செத்த இரண்டை யாருக்கும் தெரியாமல் ஒரு பையில் போட்டு ஓடையில் வீசிவிட்டு வந்தேன். எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள் என்று நினைத்தேன்.

பிறகு பக்கத்து வீட்டுக் கோழிகளும் தூங்க ஆரம்பித்தன.

அந்த அக்கா சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. செத்த கோழியைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் சும்மா உட்கார்ந்திருந்தார். காரணம் நான் வாங்கிவந்த சேவல் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

அதற்கப்புறம்தான் கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இதன் பெயர் ராணிகேத் நோய். வெள்ளைக்கழிச்சல் என்பதும் இதுதான். வைரஸ் நோய், வந்தபின் மருந்து கிடையாது. எச்சம், தீவனம், தண்ணீர், நம் செருப்பு என்று எதில் வேண்டுமானாலும் பரவும். புதுக்கோழி வாங்கினால் இரண்டு, மூன்று வாரமாவது தனியாக வைத்திருக்க வேண்டும். செத்ததை ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். நான் இரண்டையும் தலைகீழாகச் செய்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து படித்தேன். 1926ல் ஜாவா தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் ஊரிலும் கண்டறியப்பட்ட நோய் இது. உலகம் நியூகாசில் நோய் என்கிறது. சில வருஷத்துக்குள் இமயமலை அடுக்கில் உள்ள ராணிகேத்தில் தென்பட்டதால் நமக்கு ராணிகேத். 2006ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தபோது நாடே அதைப் பேசியது. ராணிகேத்தோ வருஷா வருஷம் கொல்லைப்புறங்களைக் காலி செய்துவிட்டுப் போகிறது, செய்தியில்கூட வருவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், இதற்கான தடுப்பூசி தயாராகும் இடம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறினால் வந்துவிடும்! ராணிப்பேட்டையில் 1932ல் தொடங்கிய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம். தோலுக்கும் ஷூவுக்கும் பெயர்போன எங்கள் வட்டாரத்தில் இப்படி ஒன்று இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. ராணிகேத் நோய்க்கு ராணிப்பேட்டை மருந்து. இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு பதினோரு கோழியைச் சாகக் கொடுத்திருக்கிறோம்.

ஏன் யாரும் போடுவதில்லை? அதற்கும் டாக்டரிடம் பதில் இருந்தது. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாவது வாரத்தில் இறக்கைக்கு அடியில் அரை மில்லி ஊசி. அவ்வளவுதான். ஆனால் அந்த ஊசி மருந்துக் குப்பி நூறு கோழிக்கானது. கரைத்துவிட்டால் ஐஸில் வைத்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் வீண். மூன்று கோழி வைத்திருக்கிறவருக்காக ஒரு குப்பியை உடைக்க முடியுமா? பண்ணைக்காரருக்கு இது பிரச்சினையே இல்லை. கொல்லையில் நாலைந்து வளர்க்கிறவருக்குத்தான் பிரச்சினை. அதற்காகத்தான் பிப்ரவரி மாதத்தில் இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் இலவசமாக நடத்துகிறார்கள். தெருவே சேர்ந்து வந்தால் குப்பி வீணாகாது.

தெருவே சேர வேண்டும் என்றால் நான் முதலில் போய் நிற்க வேண்டிய வீடு எது என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டுப் போனேன். "அக்கா, அந்தச் சேவல நான்தான் வாங்கியாந்தேன். அதுலதான் வந்துது" என்றேன். அவர் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்டா. அன்னிக்கே உங்க ஆயா வந்து சொல்லிட்டாங்க" என்றார். "நீ எப்ப சொல்றேன்னுதான் பாத்துனு இருந்தேன்."

முகாம் அன்று காலை கோழிகளைத் திறந்துவிடாமல் கூடை போட்டு மூடி வைக்கச் சொல்லித் தெரு முழுக்கச் சொன்னோம். நான் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். கூடையிலும் சாக்கிலுமாக எங்கள் தெருவிலிருந்து மட்டும் 80க்கு மேல் வந்தன. நோய் வந்து தப்பிய எங்கள் வீட்டு மூன்று கோழிகளையும் அவற்றின் குஞ்சுகளையும் ஆயாவே தூக்கி வந்தார். ஊசி போடும்போது ஒரு கோழி என் சட்டையில் எச்சமிட்டது. அக்கா சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

இப்போது எங்களிடம் ஒன்பது கோழிகள். நேற்றுகூட வடாத்துக்காக ஒரு சண்டை நடந்தது. ஆயா அதே பதிலைத்தான் சொன்னார்.

உங்கள் வீட்டிலும் நாலு கோழி இருந்தால், பிப்ரவரி வரும்போது பக்கத்து வீட்டையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் கோழிக்கு மட்டும் போட்டால் போதாது. அதற்கு உன் வீடு என் வீடு தெரியாது என்று ஆயா சொன்னது கோழிக்கு மட்டும் அல்ல, அந்த நோய்க்கும் சேர்த்துத்தான்.