நின்ற திரையும் நிதானமும்

பழுதுகள் இருவகைப்படும். ஓசையோடு வருவது ஒன்று. ஓசையின்றி வருவது மற்றொன்று. கிணற்று மோட்டார் கருகினால் மூக்கு அறிந்துவிடும். தையல் எந்திரத்தின் ஊசி முறிந்தால் காது அறிந்துவிடும். ஆனால் கணினி நின்றுவிட்டால், அது நின்றுவிட்டதா, இன்னும் வேலையில் இருக்கிறதா என்பதைக்கூடப் பார்ப்பவர் அறிய முடிவதில்லை. திரையில் ஒரு சின்னம் தெரியும்; அதன் கீழே சுழன்றுகொண்டிருந்த சிறு வட்டம் அசைவற்று நிற்கும். அவ்வளவே. அந்த மௌனத்திற்கு முன்னால் படித்தவரும் பாமரரும் ஒன்றுதான். இந்த மௌனத்தை எவ்வாறு பேசவைப்பது என்பதையே இக்கட்டுரையில் நம் வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலையை அடுத்துள்ள பூலாம்பாடி நம் ஊர். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் மண். எனினும் பல வீடுகளில் அடுப்பெரிவது கடல்கடந்த ஊதியத்தால்தான். நாமும் கோலாலம்பூரில் ஓர் அச்சகத்தின் கணினிப் பிரிவில் பல்லாண்டு பணியாற்றிவிட்டு ஊர் திரும்பியவர்களே. நம் தங்கையின் மகள் கல்லூரியில் கணினிப் பயன்பாட்டியல் பயில்கிறாள். மலேசியாவில் இருக்கும் அவளுடைய அத்தா, நோன்புப் பெருநாளுக்கு ஊர் வரும் பயணத்தை ஓராண்டு தள்ளிவைத்து, அந்தப் பணத்தில் மகளுக்கு ஒரு மடிக்கணினி வாங்கித் தந்தார். ஒரு தந்தையின் பெருநாள் அந்தக் கருவிக்குள் இருந்தது என்றால் அது மிகையாகாது.

அதற்குள் இன்னொன்றும் இருந்தது. நம் அன்னையார் வஃபாத்தாவதற்கு முந்தைய ஆண்டு, பேத்தியை அருகில் அமர்த்திக்கொண்டு பழங்கதைகளும் விடுகதைகளும் சொல்வார்கள். அவற்றை அவள் தன் கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருந்தாள். கைப்பேசி பழுதாகும் தறுவாயில் அந்தப் பதிவுகளைப் புதிய கணினிக்கு மாற்றினாள். சில நாட்களில் கைப்பேசி முற்றிலும் செயலிழந்தது. ஆகவே நம் அன்னையாரின் குரல் இந்த உலகில் எஞ்சியிருந்த ஒரே இடம் அந்தக் கணினியின் வட்டு என்றாயிற்று.

கல்லூரிச் செய்முறைப் பாடத்திற்கு லினக்ஸ் இயக்குதளம் தேவைப்பட்டது. கணினியில் விண்டோஸ் ஏற்கனவே இருந்தது. இரண்டும் அருகருகே இருக்கட்டும் என்று எண்ணி, லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி நிறுவத் தொடங்கினாள். சின்னம் தோன்றியது, வட்டம் சுழன்றது, நின்றது. இரண்டு மணி நேரம் காத்திருந்தும் அசைவில்லை. பக்கத்து நகரின் கடைக்காரர் ஒருவர், "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருகிறேன்" என்றாராம். உறவினர் ஒருவர், "பெண்பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு? தெரிந்த பையன் யாரிடமாவது கொடுங்கள்" என்றாராம். செய்முறைத் தேர்வுக்கு மூன்று வாரமே இருந்தது. கணினியைத் துணிப்பையில் வைத்து நெஞ்சோடு அணைத்தபடி நம் வீட்டிற்கு வந்தாள்.

"மாமு, நன்னியின் குரல் போய்விடுமா?" என்பதே அவள் கேட்ட முதல் கேள்வி. தேர்வைப் பற்றி அவள் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியே நம் முதல் வேலையை முடிவு செய்தது. நிறுவல் தொடங்கும்போதே நின்றிருந்தது. இன்னும் வட்டைத் தொடவில்லை. எனவே பென் டிரைவை எடுத்துவிட்டு இயக்கினால் விண்டோஸ் பழையபடி எழும். எழுந்தது. பதிவுகளை வேறொரு பென் டிரைவிலும் நம் பழைய கணினியிலுமாக இரண்டு படிகள் எடுத்தோம். ஒவ்வொன்றையும் திறந்து கேட்டோம். அன்னையாரின் குரல் அறையில் ஒலித்தபோது தங்கை முந்தானையால் கண்களை ஒற்றிக்கொண்டாள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பது நம் இல்லங்களில் சிறு பிள்ளைகளும் அறிந்த பாடம். கணினியில் கைவைக்குமுன் படியெடுத்து வைப்பதும் அந்தக் கயிறுதான்.

அதன் பிறகே பழுதைத் தேடினோம். கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல் குவாரிஸ்மியின் பெயரே இலத்தீன் மொழியில் திரிந்து, இன்று கணினி உலகம் முழுவதும் வழங்கும் 'அல்காரிதம்' என்னும் சொல்லாயிற்று. ஒரு படி முடிந்தபின் அடுத்த படி. ஒவ்வொரு படிக்கும் ஒரு விடை என்பதே அதன் பொருள். பழுது பார்ப்பதற்கும் இதுவே முறை. ஒரே நேரத்தில் மூன்றை மாற்றுகிறவர், எது பலித்தது என்பதை அறியமாட்டார்.

முதற்படி, பென் டிரைவில் இருப்பது முழுமையானதுதானா என்பது. இணையத்திலிருந்து இறக்கும்போது கோப்பில் ஒரு துளி குறைந்தாலும் நிறுவல் நடுவழியில் நிற்கலாம். இதற்கென வெளியீட்டாளர்கள் 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு சரிபார்ப்புக் குறியை வெளியிடுகின்றனர், எஸ்.எச்.ஏ. 256 என்பது அதன் பெயர். நம் கையிலுள்ள கோப்பிலிருந்து கணினி அதே குறியைக் கணக்கிட்டுத் தரும். இரண்டும் ஒத்திருந்தால் கோப்பு பழுதற்றது. மருமகள் ஒன்றை உரக்கப் படிக்க, நாம் மற்றதைப் பார்த்துவந்தோம். ஒத்திருந்தது. எனவே பழுது அங்கே இல்லை.

இரண்டாம் படி, திரைச்சீலையை விலக்குவது. தொடங்கும்போது கணினி தான் செய்யும் ஒவ்வொரு செயலையும் வரிவரியாக எழுதிக்கொண்டே போகிறது. பார்ப்பவர் அஞ்சுவாரோ என்று கருதி அந்த வரிகளை மறைத்து மேலே ஓர் அழகிய சின்னத்தை வைத்திருக்கிறார்கள். தொடக்கப் பட்டியலில் ஆங்கில 'இ' விசையை அழுத்தினால் கட்டளை வரி ஒன்று தெரியும். அதில் 'கொயட்', 'ஸ்பிளாஷ்' என்று இரு சொற்கள் இருக்கும். 'அமைதி காத்திரு, படத்தைக் காட்டு' என்பது அவற்றின் கருத்து. அவ்விரண்டையும் நீக்கிவிட்டு எஃப் 10 விசையை அழுத்தச் சொன்னோம். வரிகள் அருவியாய்ப் பாய்ந்தன, ஓரிடத்தில் நின்றன. மீண்டும் செய்யச் சொன்னோம், அதே வரி. மூன்றாம் முறையும் அதே வரி. தற்செயலாக நிற்கும் எந்திரம் இடம் மாறி மாறி நிற்கும். காரணத்தோடு நிற்கும் எந்திரமோ ஒரே இடத்தில் நிற்கும்.

"அந்த வரியை நீயே படி" என்றோம். தயங்கித் தயங்கிப் படித்தாள். திரைக்குப் படம் வரைந்து தரும் வரைகலைச் சில்லைப் பற்றிய வரி அது. புதிய கணினிகளில் இது அடிக்கடி நேர்வது. சில்லு புத்தம் புதிதாக இருக்கும். அதை நடத்தத் தெரிந்த இயக்கிநிரல் நிறுவல் பென் டிரைவில் இராது. பழைய இயக்கி புதிய சில்லைத் தட்டி எழுப்ப முயன்று, தானும் உறைந்துவிடும். எந்திரம் பழுதன்று, இருவருக்கும் இன்னும் அறிமுகம் ஆகவில்லை, அவ்வளவே.

நம் பக்கத்து ஊராகிய அரும்பாவூரின் மரச்சிற்பங்கள் 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றவை. அங்குள்ள சிற்பியர் உளியை வைக்குமுன் மரத்தின் ரேகை எப்பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார்கள். ரேகைக்கு எதிராக உளியை ஓட்டினால் மரம் பிளந்துவிடும். இங்கும் எதிர்த்து ஓட்டாமல் வழிவிட்டுப் போகும் ஒரு சொல் உண்டு. அதே கட்டளை வரியின் இறுதியில் 'நோமோட்செட்' என்று சேர்த்தால், கணினி அந்தச் சில்லை எழுப்ப முயலாமல், தொடக்கத்தில் கிடைத்த எளிய திரையோடே மேலே செல்லும். மருமகள் அந்தச் சொல்லைத் தட்டினாள். நிறுவல் திரை மலர்ந்தது. படம் சற்றுப் பெரிதாகவும் மங்கலாகவும் இருந்தாலும் வேலைக்கு அது போதும்.

ஆனால் அடுத்த திரையில் இன்னொரு தடை. வட்டைக் காண முடியவில்லை என்றும், ஆர்.எஸ்.டி. என்னும் அமைப்பை நிறுத்த வேண்டும் என்றும் அறிவிப்பு வந்தது. வட்டை ஓர் இடைத்தரகரின் வழியாக நிர்வகிக்கும் அமைப்பு அது. சில கணினிகளில் வி.எம்.டி. என்ற பெயரில் இருக்கும். பயாஸ் எனப்படும் அடிப்படை அமைப்பிற்குள் சென்று அதை ஏ.எச்.சி.ஐ. என மாற்றிவிட்டால் லினக்ஸ் வட்டைக் கண்டுகொள்ளும். எளிதுதான், ஆபத்தும் இங்கேதான். முன்னேற்பாடின்றி மாற்றினால், இடைத்தரகரின் வழியாகவே வட்டை அறிந்திருந்த விண்டோஸ் மறுமுறை எழாமற் போகக்கூடும். வட்டில் பிட்லாக்கர் என்னும் பூட்டு இருந்தாலோ, 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்டு வாயிலில் நின்றுவிடும். அந்த எண் எங்கே இருக்கிறது என்பது பல குடும்பங்களில் எவருக்கும் தெரியாது.

எனவே ஒழுங்காக இறங்கினோம். முதலில் விண்டோஸுக்குள் சென்று மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதி வைத்தோம். பின்னர் பூட்டை அவிழ்க்கச் சொன்னோம். லுஹருக்குப் பின் தொடங்கிய அவிழ்ப்பு அஸருக்கு முன் முடிந்தது. அரைத்தூக்கத்தில் கணினியை மூடும் 'விரைவுத் தொடக்கம்' என்னும் ஏற்பாட்டை நிறுத்தி, வட்டில் லினக்ஸுக்கென ஒரு பகுதியை ஒதுக்கினோம். அடுத்த முறை பாதுகாப்பு நிலையில் எழுமாறு விண்டோஸுக்குச் சொல்லிவிட்டு, பயாஸில் மாற்றம் செய்தோம். விண்டோஸ் பாதுகாப்பு நிலையில் எழுந்து புதிய ஏற்பாட்டை அறிந்துகொண்டது. அதன்பின் வழக்கமான நிலைக்குத் திருப்பினோம். இவ்வளவும் அவள் கையாலேயே நடந்தன. நாம் நாற்காலியை விட்டு எழவில்லை.

இரவு இஷாவுக்குப் பின் நிறுவல் முடிந்தது. புதிய சில்லுக்குரிய இயக்கிநிரலை இணையத்திலிருந்து பெற்று நிறுவியதும், கணினி மறுமுறை எழும்போது நீலத்திரை ஒன்று தோன்றிக் கடவுச்சொல் கேட்டது. பலர் இதைக் கண்டு அஞ்சிக் கணினியை அணைத்துவிடுவர். அஞ்ச வேண்டியதில்லை. புதிதாக வந்த நிரலை நம்பலாமா என்று பாதுகாப்பு அமைப்பு வீட்டுக்காரரைக் கேட்கும் கேள்வியே அது. நிறுவும்போது நாம் கொடுத்த கடவுச்சொல்லைத் தந்ததும் வழிவிட்டது. அதன்பின் 'நோமோட்செட்' என்னும் ஊன்றுகோல் தேவைப்படவில்லை.

இத்துணைப் பாடுபட்டு லினக்ஸ் எதற்கு என்று வாசகர் வினவலாம். பாடத்திட்டம் கேட்டது என்பது ஒரு விடை; அதைவிடப் பெரிய விடையும் உண்டு. 1983ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன், எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பிறருக்குத் தரவும் உரிமையுள்ள ஓர் இயக்குதளத்தை உருவாக்கப்போவதாக அறிவித்தார். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்கு வேண்டிய கெர்னல் என்னும் கருவகத்தைப் படைத்தளித்தார். அன்றுமுதல் உலகின் பல மூலைகளிலிருந்தும் முகமறியாதோர் அதைச் செப்பனிட்டு வருகின்றனர். நம் மருமகள் தட்டிய அந்த ஒற்றைச் சொல்லும், முன்பு எவரோ இதேபோன்று நின்ற திரைக்கு முன் அமர்ந்து கண்டுபிடித்துப் பொதுவில் வைத்ததன் பயனே. ஊர்ப் பொதுக்கிணற்றில் நீர் இறைப்பவர், அதை வெட்டியவர் பெயரை அறியமாட்டார். ஆனால் தூர் எடுக்கும் நாளில் தாமும் மண்வெட்டியோடு நிற்பார்.

தமிழகத்திற்கு இது புதியதும் அன்று. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு அருகருகே வைத்து மாணவர்களுக்கு வழங்கப்பெற்றது. ஆயினும் நாம் சென்று கண்ட வீடுகளில், அந்த இரண்டாவது கதவைத் திறந்து பார்த்த பிள்ளைகள் மிகச் சிலரே. திறந்து, ஏதேனும் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று சொல்ல அருகில் ஆள் இல்லை. தமிழில் எழுதிவைத்த குறிப்பும் கைக்கு எட்டவில்லை. 2012இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் போன்ற முயற்சிகள் இக்குறையைப் போக்கத் தமிழிலேயே எழுதி வருகின்றன. அவை இன்னும் பல இல்லங்களைச் சென்றடைய வேண்டும்.

மருமகள் செய்முறைத் தேர்வை எழுதினாள். அதைவிட நம்மை மகிழ்வித்த செய்தி வேறு. தான் செய்த ஒவ்வொரு படியையும், நின்ற அந்த வரியையும், அதற்குரிய சொல்லையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதி வைத்திருக்கிறாள். வகுப்புத் தோழியர் இருவர் அதைப் பார்த்தே தம் கணினிகளில் நிறுவிக்கொண்டனராம். அவளுடைய அத்தாவுக்குச் செய்தி சொன்னபோது, தொலைபேசியில் சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, "உம்மாவின் குரலை எனக்கும் ஒரு படி அனுப்பிவையுங்கள், மச்சான்" என்றார்.

நம் இல்லங்களிலும் நாளை ஒரு திரை நிற்கலாம். கடைக்கு எடுத்துச் செல்லுமுன், 'அழித்துவிடுங்கள்' என்று ஒப்புதல் தருமுன், அதற்குள் இருப்பவற்றுக்கு ஒரு படி எடுத்து வையுங்கள். பிறகு அந்தக் கடைசி வரியை வீட்டுப் பிள்ளையையே படிக்கச் சொல்லுங்கள். ஆண்பிள்ளையாயினும் பெண்பிள்ளையாயினும் சரியே. பிள்ளை படிக்கும்வரை பெரியவர்கள் சற்றுப் பொறுமையோடு அருகில் அமர்ந்திருங்கள்.