கொழுத்த குதிரையும் தேறிய குதிரையும்

மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நடத்திய குதிரைப் பந்தயத்தைப் பற்றி இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரி ஷரீபில் இடம் பெற்றிருக்கிறது. நேயர்களில் பலர் அதனை அறிந்திருப்பீர்கள். பயிற்சி பெற்ற குதிரைகள் ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓடின. பயிற்சி பெறாதவையோ அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை மட்டுமே ஓடின. முன்னது ஐந்தாறு மைல். பின்னது ஏறத்தாழ ஒரு மைல். எந்தக் குதிரை வென்றது என்பதைவிட, தூரம் இவ்வாறு இரண்டாக வகுக்கப்பட்டதே நம் கருத்தை நெடுநாள் ஈர்த்து வந்தது. தேறாத குதிரையிடம் தேறிய குதிரையின் ஓட்டம் கேட்கப்படவில்லை.

அந்தப் பயிற்சிக்கு அறபியில் தள்மீர் என்று பெயர். முதலில் நன்றாகத் தீனியிட்டுக் குதிரையைக் கொழுக்க வைப்பார்கள். பின்னர்த் தீனியைச் சிறிது சிறிதாகக் குறைத்து, துணி போர்த்தி வியர்க்க வைத்து, சதையை இறுகச் செய்வார்கள். கொழுக்க வைப்பது இதில் முதற்படி மட்டுமே.

அதே அறபுக் குதிரைகள் நம் கரையில் இறங்கியபோது என்ன ஆயின? பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் காயல் முதலிய துறைகளுக்கு வந்த குதிரைகளைப் பற்றிப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதியிருக்கிறார். கீஸ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் மட்டும் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை மஅபருக்கு, அதாவது நம் கரைக்கு, அனுப்பினார். பிற துறைகளிலிருந்து வந்தவற்றையும் கூட்டினால் 10,000. ஒன்றின் விலை 220 பொன் தீனார் என்பது அவர் கணக்கு. ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் பாண்டியனின் அமைச்சராக விளங்கிய பெருமையை நாம் மேடைதோறும் பேசுகிறோம். அக்குதிரைகளின் கதியைப் பேசுவதில்லை.

வறுத்த வாற்கோதுமையும், நெய்யிட்டுச் சமைத்த தானியமும், காய்ச்சிய பசும்பாலும் அவற்றுக்குத் தீனியாயின. முளையடித்துக் கயிறுகளால் பிணைத்து நாற்பது நாள் லாயத்தில் நிறுத்திக் கொழுக்க வைத்தார்கள். பிறகு எந்தப் பயிற்சியும் இன்றி, அங்கவடி கூட இல்லாமல், வீரர்கள் ஏறி விரட்டினார்கள். வலிய குதிரைகளும் சில நாளில் தளர்ந்து பயனற்றுப் போயின என்கிறார் வஸ்ஸாப். தள்மீரின் முதற்படியோடு நின்றுவிட்டுக் கடைசிப் படிக்குத் தாவிய கதை இது. இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ இன்னொன்றும் சொல்கிறார்: வைத்தியமும் லாடமும் தெரிந்தவர்களை வணிகர்கள் வரவிடவில்லையாம், குதிரைகள் சாகச் சாகப் புதியவை விற்குமல்லவா! இது மெய்யாயின் நம் பழைய வணிகச் சிறப்புக்கு இழுக்கே. மறைத்துப் பயனில்லை.

குதிரையின் வயிறு உடலை நோக்கச் சிறியது. நாளெல்லாம் புல்லைச் சிறிது சிறிதாக மேய்வதற்கென அமைந்தது. உண்டது ஒவ்வாவிட்டால் வாந்தியெடுக்கவும் அதனால் இயலாது. வயிற்றுவலி கண்டு உருண்டு புரண்டு மாண்டுபோகும். அன்போடு ஊட்டிய பாலும் நெய்யும் எத்தனை குதிரைகளைக் கொன்றனவோ!

இவையெல்லாம் நமக்கு ஏட்டுச் செய்திகளாகவே இருந்தன, 2018 இல் ஓர் அலுவலாக இம்பால் செல்லும் வரை. 2023 இல் மூண்ட கலவரத்துக்கு முந்திய அமைதியான காலம் அது. மணிப்பூர் முஸ்லிம்களான பாங்கல்கள் பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே அங்கு வேரூன்றியவர்கள். அவர்களுள் ஒரு குடும்பத்தார் நம்மையும் நம் இல்லத்தாரையும் விருந்தினராக ஏற்று, நகரின் நடுவே உள்ள மாபால் காங்ஜெய்புங் மைதானத்துக்கு அழைத்துச் சென்றனர். இன்றைய போலோ ஆட்டத்தை ஆங்கிலேயர் கற்றுக் கொண்டது மணிப்பூரிகளிடமிருந்தே. 1859 இல் சில்சாரில் சங்கம் அமைத்து ஆடத் தொடங்கினார்கள். உலக ஆட்டத்தில் அணிக்கு நால்வர். மணிப்பூரிகளின் சகோல் காங்ஜெயில் எழுவர். மூங்கில் வேரால் செய்த பந்து. இலக்குக் கம்பங்கள் இல்லை. எல்லைக்கோட்டைப் பந்து கடந்தால் போதும். மட்டக் குதிரைகளோ நான்கடி உயரத்தை ஒட்டியவை.

ஆட்டம் மூர்க்கமானது. ஒன்றையொன்று தோளால் தள்ளிக்கொண்டு பாய்வதும், சடுதியில் நின்று திரும்புவதும் கண்டு நம் இல்லத்தார் முகத்தைத் திருப்பிக் கொண்டார்கள். "வாயில்லா ஜீவனை இப்படி வருத்தி விளையாடுவது பாவமில்லையா?" என்று கேட்டார்கள். நம்மிடம் உடனே பதில் இல்லை. டில்லி சுல்தான் குத்புத்தீன் ஐபக் 1210 இல் லாகூரில் இதன் மூத்த வடிவமான சௌகான் ஆடும்போது, விழுந்த குதிரையின் அடியில் அகப்பட்டு மாண்டது மட்டும் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை, குதிரை பழக்கும் ஒரு பெரியவரிடம் அக்கேள்வியை வைத்தோம். வீட்டுக்காரரின் மகன் மொழிபெயர்த்தார். பெரியவர் வாதாடவில்லை, வேலையைக் காட்டினார். ஓய்விலிருந்த குதிரைக்கு முதல் சில வாரங்கள் நடை மட்டுமே, பிறகு துள்ளுநடை, அதன் பின்னரே பாய்ச்சல். ஒரு மாதத்தில் குதிரை மூச்சு வாங்காமல் ஓடுவதைக் கண்டு ஏமாறுபவர்கள் உண்டு. மூச்சு முந்தித் தேறும். எலும்பும் தசைநாணும் பிந்தியே தேறும். கால் முறிவதெல்லாம் இந்த இடைவெளியில்தான்.

கோலைக் குதிரை அஞ்சாதிருக்கப் பழக்குவதும் அப்படியே. முதலில் கோலை அசைக்காமல் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நடத்துவார்கள். பின்னர் மெல்ல வீசுவார்கள். பந்து அதற்கும் பின்னரே. இன்னொரு குதிரையோடு தோளுரச விடுவது எல்லாவற்றுக்கும் கடைசி. அவசரத்தில் ஒருமுறை கோல் குதிரையின் காலில் பட்டுவிட்டால் பல வார உழைப்பு வீண். வலக்கை கோலுக்கானபடியால் கடிவாள வார் இடக்கையில் மட்டும் இருக்கும். வார் கழுத்தில் லேசாகப் படுவதைக் கொண்டே குதிரை திரும்பக் கற்றிருக்க வேண்டும். வாயைப் பிடித்து இழுப்பவரைப் பெரியவர் சவாரிக்காரராகவே மதிக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் சேண வாரைத் தளர்த்தி, மூச்சு அடங்கும் வரை நடத்துவார்கள். தண்ணீரை இடைவிட்டுக் காட்டுவார்கள். குளம்பைச் சுரண்டிக் கல்லும் மண்ணும் எடுப்பார்கள். பிறகு நான்கு கால்களையும் உள்ளங்கையால் மேலிருந்து கீழாகத் தடவுவது அவர் வழக்கம். சூடு தெரிந்தால் மறுநாள் ஆட்டம் இல்லை. உரிமையாளர் வந்து கேட்டாலும் இல்லை.

ஆட்டம் பாவமா என்பதற்கு நமக்குக் கிடைத்த விடை அந்த உள்ளங்கையில் இருந்தது. அப்படித் தடவிப் பார்க்கும் கை இருக்குமிடத்தில் நாம் ஆட்டத்தைக் குறை சொல்லத் துணியோம். இல்லாத இடத்தில், குதிரையின் மீது பட்டாடை போர்த்தினாலும் அது கொடுமையே. நம் இல்லத்தார் முழுதும் ஒப்பவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெரியவரின் கவலையோ வேறு. மேய்ச்சலுக்கு இருந்த ஈரநிலங்கள் கட்டடங்களாகிக் கொண்டிருந்தன. ஆட்டமில்லா நாட்களில் அவிழ்த்து விடப்படும் குதிரைகள் தெருவோரக் குப்பையைத் தின்று நோயுற்றன, வண்டிகளில் அடிபட்டன. 2003 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,898 ஆக இருந்த மணிப்பூர் மட்டக் குதிரைகள் 2019 இல் 1,089 ஆகக் குறைந்தன. நாம் விடைபெற்ற மாலையில், பெரியவர் ஒரு குதிரையின் முன்னங்காலைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். ஆட்டத்துக்கென முடிந்திருந்த வாலை அவிழ்த்துவிட்டு, கையில் ஒரு கட்டுப் புல்லுடன் அதனை வீட்டுப் பக்கமாக நடத்திச் சென்றார்.