படகும் பாதையும்

மலைநாட்டுத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கடல் என்பது தேசப்படத்தில் நீல நிறம் தீட்டிய இடம். தமிழ் கற்பிக்கும் நாம் நெய்தல் திணைக்குரிய முதல், கரு, உரிப்பொருள்களை அவர்கள் தடையின்றி ஒப்புவிக்குமளவுக்குப் பயிற்றி வைத்திருந்தோம். புன்னையும் தாழையும் அன்றிலும் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் பத்தாம் வகுப்பில் இருந்த முப்பத்து நால்வருள் கடலைக் கண்டவர் ஐவரே. இந்தக் கணக்கு எம்மை உறுத்தியதால், சென்ற ஆண்டு ஆடி மாத இறுதியில் ஒரு சனிக்கிழமை, சக ஆசிரியை ஒருவரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, மாத்தளை மலையிலிருந்து திருகோணமலைக்கு ஒருநாட் சுற்றுலா புறப்பட்டோம்.

அதிகாலை இரண்டு மணிக்குப் பேருந்து கிளம்பிற்று. தம்புள்ளையும் ஹபரணையும் உறக்கத்திலேயே கழிந்தன. கந்தளாய்க் குளத்தருகே பொழுது புலர்ந்தது. “கடல், கடல்!” என்று முன்னிருக்கைப் பையன் ஒருவன் கூவினான். குளத்தைக் கடலென்று மயங்கியவனைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். அன்று மாலைக்குள் நீர்நிலைகளைப் பற்றி நாமே ஒரு பாடம் படிக்கப் போகிறோம் என்பதை அப்பொழுது அறியோம்.

திருகோணமலையில் முதலில் சென்ற இடம் பிரடெரிக் கோட்டை. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி அதனூடாகவே செல்கிறது. கோட்டைக்குள் இன்றும் இராணுவ முகாம் இருக்கிறது, புள்ளிமான்களும் திரிகின்றன. நுழைவாயிலின் கல்லில் பொறித்த இணைக்கயல்களையும், சிதைந்தும் சிதையாமலும் நிற்கும் தமிழ் எழுத்துகளையும் மாணவர்களுக்குக் காட்டினோம். குளக்கோட்டன் செய்த திருப்பணியையும் பறங்கியர் அதனை அழித்ததையும் கூறுவது அக்கல்வெட்டு. 1624ஆம் ஆண்டில் கொன்ஸ்தந்தினோ த சா என்ற போர்த்துக்கேயத் தளபதி, இடித்த கோயிலின் கற்களைக் கொண்டே இக்கோட்டையை எழுப்பினான். 1639இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் பிடித்தனர்; அதே ஆண்டு ஆவணியில் பிரெஞ்சுக் கடற்படை அதைப் பறித்தது. 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் வந்தனர். 1803இல் தம் மன்னனின் மகன் பெயரைக் கோட்டைக்குச் சூட்டினர். மலைகள் அரண்செய்யும் ஆழமான துறைமுகம் ஒன்றுக்காக ஐரோப்பா முழுவதும் வரிசையில் நின்ற கதை இது.

ஆண்டுகளை நாம் அடுக்கி முடித்ததும் ஒரு மாணவன் கேட்டான்: “கோயிலிலேருந்து இந்தக் கல்லையெல்லாம் இங்க தூக்கிக்கிட்டு வந்தது யாரு சேர்? வெள்ளைக்காரங்களா, நம்ம ஆளுங்களா?”

கொழுந்துக் கூடையின் சுமையை முதுகில் அறிந்த தாயின் மகன் அவன். கல்லைக் கண்டதும் அதைச் சுமந்த முதுகு அவனுக்கு நினைவு வந்திருக்கிறது. கட்டுவித்தவன் பெயர் ஏட்டில் இருக்கிறது, சுமந்தவன் பெயர் இல்லை என்று விடை கூறினோம். விடை சரியானதே. ஆயினும் அதைக் கூறிவிட்டு மான்களைக் காட்டப் போய்விட்டோம். வினா எங்கே தொடங்குகிறதோ அங்கே ஆசிரியர் முடித்துவிடும் வழக்கத்துக்கு இது நல்ல உதாரணம்.

சுவாமிமலை உச்சியில் கோயில். கீழே செங்குத்தான பாறை, இராவணன் வெட்டு, அதற்கும் கீழே அவர்கள் முதன்முதலாகக் காணும் கடல். யாரும் பேசவில்லை. சம்பந்தர் பதிகம் பெற்ற தலம் இது என்று சொல்ல வாயெடுத்த நாம், அந்த மௌனத்தைக் கலைக்க மனமின்றி நிறுத்திக்கொண்டோம். பிறகு 1950ஆம் ஆண்டளவில் மண்ணுக்குள்ளிருந்து வெண்கலத் திருமேனிகள் வெளிப்பட்டதையும், 1956இல் மைக் வில்சன் என்ற சுழியோடி கடலடியில் இலிங்கத்தைக் கண்டெடுத்ததையும், புதுக்கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்ததையும் கூறினோம். உடைத்தெறிந்ததைக் கடலும் மண்ணும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் காத்துத் திருப்பித் தந்த கதை பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

பிற்பகல் உட்துறைமுகக் கரைக்குச் சென்றோம். படகோட்டி கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் பெரியவர், அறுபது வயதிருக்கும். எங்கள் பிள்ளைகள் மலைநாட்டு வழக்கப்படி அவரை “நானா” என்றே அழைத்தனர். படகில் இருபது பேர் அமரலாம். ஆனால் உயிர்காப்பு அங்கிகள் பதினாறே இருந்தன. இரண்டு நடையில் முடியவேண்டிய சவாரியை மூன்று நடையாக்க வேண்டும் என்றார் அவர். ஒவ்வொரு பிள்ளையின் அங்கியையும் தம் கையாலேயே இறுக்கிக் கட்டி, இழுத்துப் பார்த்தார். பொழுது போய்க்கொண்டிருந்தது. இரவு திரும்பும் வழியில் காட்டு யானைகள் குறுக்கிடும் என்று சாரதி வேறு அவசரப்படுத்தினார். எமக்குப் பொறுமை குறைந்தது.

“நானா, கடலுக்கா போகிறோம்? குளம் மாதிரிக் கிடக்கிறது. நாலு பிள்ளைகள் கூட ஏறினால் என்ன?” என்றோம்.

அவர் எம்மை நிமிர்ந்து பார்த்தார். “குளத்திலயும் ஆள் மௌத்தாகும் சேர்” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த முடிச்சைப் போடத் தொடங்கினார்.

கடைசி நடையில் நாம் ஏறினோம். துறைமுகத்தின் அழகை நாம் மறைக்கப் போவதில்லை. பச்சை மலைகள் நீர்விளிம்பு வரை இறங்கி வந்து நிற்கின்றன. அலை என்பதே இல்லை. சோபர் தீவுகளைக் கடக்கையில் மரங்களின் நிழல் நீருக்குள்ளும் ஒரு காடாக அசைந்தது. ஒஸ்டன்பேர்க் முனை கடல் வாயிலைக் காவல் காப்பதுபோல் நீண்டிருந்தது. அழகை அனுபவிப்பதில் குற்றமொன்றுமில்லை. உழைப்பவரின் பிள்ளைகளுக்கும் அது கிடைக்கவேண்டும் என்பதற்காகத்தானே வந்தோம்!

சீனக்குடாப் பக்கம் படகு திரும்பியபோது அந்த அழகுக்குள்ளேயே வேறொரு வரலாறு புலப்பட்டது. அங்கே காட்டுக்குள் ஆங்கிலேயர் தம் கடற்படைக்கென அமைத்த எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. எஞ்சியிருப்பவை 99. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளும். இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் குண்டுவீசித் தாக்கின. நாடு சுதந்திரம் பெற்று ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னரே, 1957 ஒக்டோபரில், பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்தனர். தாங்கிகள்மீது கண்வைப்போர் அதன் பிறகும் குறையவில்லை. 2022 ஜனவரியில் செய்த உடன்படிக்கைப்படி 14 தாங்கிகள் இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளைக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கும் எனப் பங்கிடப்பட்டன. ஒவ்வொரு தாங்கியும் யாருக்கு என்று எண்ணி எழுதுவதில் உலகம் எத்தனை கவனமாயிருக்கிறது!

அப்பால் பிறிமா மாவாலையின் நெடிய களஞ்சியங்கள் தெரிந்தன. 1980 முதல் கடல்கடந்து வரும் கோதுமை அங்கே மாவாகிறது. “நம்ம வீட்டு ரொட்டி இங்கிருந்தா வருது!” என்று ஒரு மாணவி வியந்தாள். மூன்று வேளையும் கோதுமை ரொட்டியில் பசியாறும் லயத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் களஞ்சியம் கோட்டையைவிட அணுக்கமாயிற்று. முன்பின் பாராத துறைமுகம் ஒன்றோடு தம் அடுப்பு இணைந்திருப்பதை அவர்கள் அன்று கண்டுகொண்டனர்.

இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்த நானா, தெற்குப் பக்கம் கைகாட்டி, “அந்தப் பக்கம்தான் எங்கட ஊர்” என்றார். கிண்ணியாவைத் திருகோணமலையோடு இணைக்கும் 396 மீட்டர் பாலம் சவூதி அரேபிய நிதியுதவியுடன் 2009இல் திறக்கப்பட்டது. அதுவரை ஊரார் நீரைக் கடந்தது பாதையிலேதான். நீர்மேல் மிதக்கும் தட்டுப் படகைக் கிழக்கு மாகாணத்தார் ‘பாதை’ என்கிறார்கள். நிலத்தில் வழி இல்லாத இடத்தில் படகே வழியாகிவிடுவதால் வந்த பெயர் போலும். அந்தச் சொல்லின் நயத்தை வியந்து, மாணவர்களுக்கு விளக்கவும் தொடங்கினோம். நானா குறுக்கிட்டார்.

“பெரிய பாலம் வந்தது சேர். குறிஞ்சாக்கேணிப் பக்கம் பழைய பாலத்த எடுத்துட்டுப் புதுசு கட்ட வெளிக்கிட்டாங்க. பாலம் முடியிற வரைக்கும் சனத்துக்குப் பாதைதான். 2021ல, நவம்பர் இருபத்து மூணு, காலைப் பொழுது. பள்ளிக்கூடம் போற பிள்ளைகள். பாதை கவிழ்ந்து போச்சு.”

பிள்ளைகள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தனர்.

“கடலில்லை சேர், களப்பு. நீங்க சொன்ன மாதிரி குளம் போலத்தான் கிடக்கும். புத்தகப் பைகள் மிதந்ததை இந்தக் கண்ணால பார்த்தேன். அதுக்குப் பிறகு அங்கி இல்லாம ஒருத்தரையும் ஏத்துறதில்லை.”

எம்மால் எதுவும் பேச முடியவில்லை. அந்த விபத்துச் செய்தியை அன்று நாமும் பத்திரிகையில் படித்தோம், மாணவர்கள் உட்பட இறந்தவர்களுக்காக இரங்கினோம், மறுநாள் மறந்தோம். துறைமுகத்துக்காகப் பேரரசுகள் போரிட்டன. எண்ணெய்த் தாங்கிகளுக்காக உடன்படிக்கைகள் எழுதப்பட்டன. அதே நீரின் இன்னொரு கரையில், பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்குக் கிடைத்தது ஒரு மிதவைத் தட்டு. பாலம் கட்டுவதற்கு முன் மாற்று வழி அமைக்கவேண்டும் என்பது பொறியியல் அறியாதவருக்கும் விளங்கும். விளங்கவேண்டியோருக்கு விளங்காமற் போனதேன்? அந்த நீரைக் கடந்தாக வேண்டியவர்கள் அவர்களுடைய பிள்ளைகள் அல்லர்.

இவ்வாறு பிறர்மேல் சினந்துகொண்டிருந்த வேளையில், படகின் பின்முனையில் இருந்த மாணவி ஒருத்தி மெல்லச் சொன்னாள்:

“எங்க டிவிசன் ஆத்துலயும் பாலம் இல்ல நானா. ரெண்டு கமுக மரம் போட்டிருக்கு. தண்ணி ஏறினா மரம் தெரியாது. அப்பா இருந்தா தூக்கிட்டுப் போய் விடுவாரு. அவரு வேலைக்குப் போயிட்டா, தண்ணி வடியிற வரைக்கும் நிக்கணும்.”

அவள் நானாவிடம்தான் சொன்னாள், எம்மிடம் சொல்லவில்லை. அதற்கும் காரணம் உண்டு.

எமது வகுப்பில் தாமதமாக வருவோருக்கென ஒரு பதிவேடு வைத்திருந்தோம். பெயர், நேரம், காரணம் என மூன்று நிரல்கள். அதில் எழுதிவிட்டு முதற்பாடம் முடியும்வரை வாசலில் நிற்கவேண்டும். இந்த மாணவியின் பெயர் இரண்டு தவணைகளில் பதினொரு முறை இடம்பெற்றிருந்தது. காரணம் என்ற நிரலில் பதினொரு முறையும் அவள் எழுதியிருந்தது ஒரே சொல்: மழை. மழை எல்லோருக்கும்தானே பெய்கிறது என்று அவளை நாம் வகுப்பின் முன்னே கேட்டிருக்கிறோம். வகுப்பு சிரித்திருக்கிறது. அவள் தலைகுனிந்து நின்றிருக்கிறாள். சொல்லுக்குச் சொல் உரை எழுதும் தமிழாசிரியர் நாம், அந்த ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்கவில்லை.

நானா அவளிடம், “மகள், தண்ணி ஏறினா கடக்காதீங்க. பள்ளிக்கூடம் நாளைக்கும் இருக்கும்” என்றார். ஓர் ஆசிரியர் கூறியிருக்கவேண்டிய வாசகம் அது.

கரையிறங்கும்போது பணத்தை எண்ணிக் கொடுத்தோம். மேலதிக நடைக்கு அவர் ஒரு சதமும் வாங்கவில்லை. எமது அவசரத்துக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். “பிள்ளைகளைக் கூட்டி வாறீங்களே, அது போதும்” என்று சொல்லி, அடுத்த சவாரிக்கு அங்கிகளை உலர்த்தப் போனார்.

திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் பாட்டும் கூத்துமாய் இருந்தது. காலையில் கல் சுமந்தவரைப் பற்றிக் கேட்ட மாணவனை அருகில் அழைத்து, அவன் வினாவை மீண்டும் எடுத்துப் பேசினோம். பெயர் எழுதப்படாதோர் பண்டைக் காலத்தில் மட்டும் இருந்தவரல்லர் என்று அவனிடம் ஒப்புக்கொண்டோம். பெயரை எழுதியும் வாழ்வை எழுதாத ஏடு ஒன்று எமது மேசையிலேயே கிடந்தது.

அடுத்து வந்த திங்கட்கிழமை பாடசாலை விட்டபின் அம்மாணவியுடனும் அவள் டிவிசன் பிள்ளைகள் ஒன்பது பேருடனும் நாமும் நடந்தோம். ஒரு மணி நேர நடை. ஆற்றின் குறுக்கே இரண்டு கமுகமரங்கள் பாசி படிந்து கிடந்தன. பிள்ளைகள் ஓடிக் கடந்தனர். நாம் தவழ்ந்து கடந்தோம். அவர்கள் சிரித்தார்கள், இம்முறை அச்சிரிப்பு எமக்கு உரியது.

பெற்றோரைக் கூட்டிப் பேசினோம். ஆற்றின் அகலத்தையும், மழைக்காலத்தில் நீர் ஏறும் உயரத்தையும், கடக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் மாணவர்களே அளந்தும் கணக்கிட்டும் எழுதினர். பெற்றோர் கையொப்பமிட்ட மனு உரிய இடங்களுக்குச் சென்றிருக்கிறது. பாலம் இன்னும் வரவில்லை. மழை நாட்களில் தந்தையர் இருவர் முறைவைத்து ஆற்றங்கரையில் நிற்பதென்றும், அந்நாட்களில் அப்பிள்ளைகளுக்குத் தவறிய பாடத்தை மாலையில் நடத்துவதென்றும் முடிவு செய்து, அதன்படி செய்துவருகிறோம். தாமதப் பதிவேட்டை மூடிவிட்டோம்.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களை அழைத்துக்கொண்டு திருகோணமலைக்குச் செல்லுங்கள். கோட்டை வாயிலின் எழுத்துகளைக் காட்டுங்கள், சுவாமிமலையில் நின்று கடலைப் பார்க்கவிடுங்கள், படகிலும் ஏறுங்கள். ஆனால் புறப்படுமுன், உங்கள் மாணவர் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து பாடசாலைக்கு வரும் வழியை ஒரு முறையேனும் நடந்து பாருங்கள். நாம் அந்தச் சுற்றுலாவைப் பிந்திச் செய்தோம்.