கொள்ளுத்தாத்தாவின் பெயர் தெரியுமா?

2025 அக்டோபரில் நைட் ஷிஃப்ட்டில் இருந்தபோது வந்த செய்தி இது. கலிஃபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம் ஒரு மசோதாவுக்குக் கையெழுத்திட மறுத்துவிட்டார். அமெரிக்காவில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் வம்சாவளியினர் தொழில் லைசென்ஸுக்கு விண்ணப்பித்தால், அவர்களின் ஃபைலை விரைவாகப் பார்க்க வேண்டும் என்றது அந்த மசோதா. எண் ஏபி 742. நான்கு வரியில் எழுதி அனுப்பிவிட்டேன். ஆனால், மனசு அதை விட்டு நகரவில்லை.

அந்த மசோதா கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். தேர்வு அதேதான், தகுதியும் அதேதான். வரிசையில் ஃபைல் கொஞ்சம் முன்னால் வரும், அவ்வளவுதான். கலிஃபோர்னியாவில் நர்ஸ், முடிதிருத்துநர், பியூட்டிஷியன், கட்டட கான்ட்ராக்டர் என்று பலருக்கும் அரசு லைசென்ஸ் வேண்டும். அங்கே முன்னாள் ராணுவத்தினருக்கும் அகதிகளுக்கும் இந்த 'சீக்கிரம் பார்க்கும்' வசதி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது.

சில வாரங்கள் முன்னால் கிடைத்தால் என்ன பெரிய லாபம் என்று கேட்கலாம். என் பெரியம்மா மகள் நர்ஸிங் முடித்துவிட்டு, பதிவுச் சான்றுக்காக மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். படிப்பு கையில் இருந்தது, வேலைக்குக் கூப்பிட்டவர்களும் இருந்தார்கள். எஜுகேஷன் லோன் தவணை மட்டும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

சரி, அடிமை முறைக்கும் லைசென்ஸுக்கும் என்ன சம்பந்தம்? அதைத் தேடப்போய்தான் பிடி மேசனைப் பற்றிப் படித்தேன். 1818-ல் அடிமையாகப் பிறந்தவர். மிசிசிப்பியிலிருந்து யூட்டாவுக்கு, எஜமானரின் வண்டிகளுக்குப் பின்னால், பிள்ளைகளோடு நடந்தே போனவர். 1851-ல் எஜமானர் அவரைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுவந்தார். அந்த மாநிலச் சட்டத்தில் அடிமை முறைக்கே இடமில்லை. ஆனாலும், பிடிக்கு விடுதலை கிடைக்க 1856 வரை, ஒரு வழக்கு வரை ஆனது. வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் சாட்சி சொல்லக் கூடாது என்று அங்கே ஒரு சட்டம். அதனால் நீதிபதி அவரைத் தனியே அழைத்துப் பேசினார். அவரோடு 13 பேருக்கு விடுதலை கிடைத்தது. பிறகு லாஸ் ஏஞ்சலஸில் பிரசவம் பார்த்தே சம்பாதித்து, 1866-ல் 250 டாலருக்கு நிலம் வாங்கினார் பிடி. எழுதப் படிக்கத் தெரியாதவர்.

அவரிடம் யாரும் லைசென்ஸ் கேட்கவில்லை. கேட்கும் காலம் பின்னால் வந்தது. மருத்துவக் கல்லூரிகளின் தரம் பற்றி 1910-ல் வந்த ஃப்ளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பிறகு, கறுப்பினத்தவருக்கென இருந்த 7 மருத்துவக் கல்லூரிகளில் 5 மூடப்பட்டன. தெற்கு மாநிலங்களில் தலைமுறை தலைமுறையாகப் பிரசவம் பார்த்துவந்த கறுப்பினப் பாட்டிகளை, அனுமதிச் சீட்டும் விதிகளும் மெல்ல வெளியேற்றின. அலபாமா 1976-ல் சட்டம் போட்டே அந்தத் தொழிலை நிறுத்தியது. தரம் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால், படிக்கும் இடத்தை மூடிவிட்டு சர்டிபிகேட் எங்கே என்று கேட்பது என்ன நியாயம்?

என்னைக் குடைந்த கேள்வி வேறு. இந்தச் சலுகையை வாங்க எதைக் காட்டுவது? ராணுவத்தில் இருந்தவரிடம் அதற்கான தாள் இருக்கும். அகதியிடமும் ஏதாவது ஆவணம் இருக்கும். அடிமையின் எள்ளுப்பேத்தி எதைக் காட்டுவாள்? 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் இருந்தது. அதில் எஜமானர் பெயர் இருக்கும். கீழே வயது, பாலினம், நிறம். அநேகமாக எந்த அடிமைக்கும் பெயர் இல்லை. விடுதலைக்குப் பிறகு, 1870 கணக்கெடுப்பில்தான் அந்த லட்சக்கணக்கானோரின் பெயர்கள் முதன்முறையாக ஏறின. வம்சாவளி தேடுபவர்கள் பலர் முட்டி நிற்கும் சுவர் அந்த வருடம்தான்.

'கறுப்பினத்தவர் என்றாலே போதும்' என எழுதிவிட முடியாதா? 1996-ல் வந்த 209-வது முன்மொழிவின்படி, அரசு வேலை, அரசுக் கல்வி, அரசு ஒப்பந்தம் ஆகியவற்றில் இனத்தைப் பார்த்து முன்னுரிமை தர கலிஃபோர்னியாவில் தடை. கல்லூரி அட்மிஷனில் இனத்தைப் பார்ப்பதை 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் நிறுத்திவிட்டது. அதனால்தான் 'இனம்' என்ற சொல்லைத் தவிர்த்து 'வம்சாவளி' என்று எழுதினார்கள். சட்டத்தில் மாட்டாமல் இருக்கச் செய்த ஏற்பாடு, நிரூபிக்கும் சுமையை விண்ணப்பதாரர் தலையில் வைத்துவிட்டது.

இதை எழுதும் நாளில் அப்பாவுக்கு போன் செய்து, "உங்க தாத்தாவோட அப்பா பேரு என்னப்பா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "உங்க அத்தைகிட்ட கேட்டுப் பாரு" என்றார். அத்தைக்கும் தெரியவில்லை. எங்களுக்கு அது வெறும் மறதி. எங்கள் ஃபைல் எதுவும் அதனால் நிற்கப்போவதில்லை.

அதே அக்டோபரில் நியூசம் வேறு இரண்டு மசோதாக்களில் கையெழுத்திட்டார். ஒன்று, அடிமைகளின் வம்சாவளியினருக்கென ஒரு தனி அலுவலகம். மற்றது, வம்சாவளியை எப்படி உறுதிசெய்வது என்று ஆராயக் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு 60 லட்சம் டாலர் வரை. சான்று தரும் வழியைத் தேடச் சொல்லிவிட்டு, அதைக் காட்ட வேண்டிய கவுன்ட்டரைத் திறக்காமல் விட்டது எனக்கு விநோதமாகத்தான் படுகிறது.

ஆராய்பவர்கள் புரட்டப்போகும் ஆவணங்களில் ஃபிரீட்மன்ஸ் பேங்க் பதிவேடுகள் நிச்சயம் இருக்கும். விடுதலையானவர்கள் சேமிப்பதற்காக 1865-ல் தொடங்கிய பேங்க் அது. 1874-ல் மூழ்கியது, பலருக்குப் போட்ட பணம் முழுதாகத் திரும்பவில்லை. கணக்கு திறக்க வந்தவர்களிடம் கேட்டு எழுதிய விவரங்கள் மட்டும் இன்னும் இருக்கின்றன. பிறந்த ஊர், அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள். சில பக்கங்களில் பழைய எஜமானரின் பெயரும்.